பாட்டின் கட்டையை யார் முடிவு செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் ஆடித் திருவிழா மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்கள் பழைய திரைப்பாடல்களைக் கெடுத்துவிடுகின்றன என்றும், ஒரே பாட்டு குழுவுக்கு ஒரு விதமாக ஒலிப்பதற்குக் கலைஞர்களின் சோம்பலே காரணம் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அவருடைய வருத்தம் நியாயமானது. அவர் சொன்ன காரணம்தான் சரியல்ல. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அந்த வேலையோடு கூடவே 34 ஆண்டுகளாக அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் கோயில் விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் தபலாவும் டோலக்கும் வாசித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேடையில் ஒரு பாட்டு குலைந்து கேட்கிறது என்றால், பெரும்பாலும் அந்தக் கலைஞர்கள் பயிற்சி செய்யாமல் வந்தார்கள் என்பது பொருளல்ல, அந்தப் பாட்டை எப்படி வாசிப்பது என்று அவர்களுக்குள் எழுந்த தகராறு தீராமலே மேடை ஏறிவிட்டார்கள் என்பதே பொருள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஏற்கெனவே ஒருவர் மெட்டமைத்து, ஒருவர் பாடி, ஊரெல்லாம் கேட்டுப் பழகிய பாட்டை வாசிப்பதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று என் மனைவியே பலமுறை கேட்டிருக்கிறார். சொந்தப் பாட்டு வாசிக்கும் குழுவைவிட அடுத்தவர் பாட்டை வாசிக்கும் குழுவில்தான் சண்டை அதிகம் என்பது நான் கண்டறிந்த உண்மை. சொந்தப் பாட்டென்றால் அதை அமைத்தவர் கூடவே இருப்பார். அவர் சொன்னால் பேச்சு முடிந்தது. அடுத்தவர் பாட்டிலோ, பத்து வயதிலிருந்து வானொலியில் அதைக் கேட்டு வளர்ந்த ஒவ்வொருவரும் தம் மனத்தில் பதிந்திருப்பதே உண்மையான பாட்டு என்று நம்பி வருகிறார்கள். இசையமைத்தவரோ நம் ஒத்திகைக்கு வந்து தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

தகராறுகளில் முதலாவதும் மிகுதியானதும் கட்டையைப் பற்றியது, அதாவது பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பதைப் பற்றியது. ஹார்மோனியத்தின் ‘சி’ சுரத்தை ஆதாரமாகக் கொண்டால் ஒரு கட்டை, ‘டி’ என்றால் இரண்டு கட்டை, இரண்டுக்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை ஒன்றரைக் கட்டை என்று எண்ணிப் போவது நம் வழக்கம். ரெக்கார்டில் பாடியவரின் குரல் போய்த் தொட்ட உச்சத்தை நம் குழுவின் பாடகரோ பாடகியோ அதே கட்டையில் தொட முடியாத பாட்டுகள் பல உண்டு. டூயட் என்றால் இன்னும் சிக்கல். ஆண் குரலுக்கு வசதியான சுருதி பெண் குரலுக்குத் தாழ்ந்து போகும், பெண் குரலுக்கு வாகானது ஆண் குரலை இழுத்துப் பிடித்து நெரிக்கும். ஆகவே அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அங்கே ஆரம்பிக்கும் பேச்சு பல சமயம் குழுவின் ஆயுளையே முடித்துவிடும்.

அரைக் கட்டை இறக்குவது என்பது எல்லோருக்கும் ஒரே அளவு வேலை அல்ல என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கீபோர்டு வாசிப்பவருக்கு அது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. வயலின் கலைஞர் விரல்களை இடம் மாற்றி வாசித்துவிடுவார். கிடாரில் கட்டையை ஏற்றுவது எளிது, கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் போதும்; இறக்குவதென்றால் தந்திகளையே தளர்த்திச் சுருதி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் திறந்த தந்திகள் கணீரென்று ஒலிக்க வேண்டிய ஈ மைனர் பாட்டு வேறொரு கட்டையில் அந்த நாதத்தை இழந்து ஊமையாகிவிடும். புல்லாங்குழல்காரர் அந்தக் குழலை வைத்துவிட்டு வேறு குழலை எடுக்க வேண்டும். அந்தச் சுருதிக்கான குழல் அவரிடம் இல்லையென்றால் வாங்க வேண்டும், வாங்கிய குழல் வாயோடு பழகப் பல நாள் ஆகும். தபலாவுக்கு வார்களின் அடியில் செருகிய மரக்கட்டைகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் இறக்கினால் தோல் தொய்ந்து நாதம் செத்துவிடும், ஏற்றினால் தோலே கிழியலாம். மிக மாறுபட்ட சுருதிக்கு முகம் சிறிய தபலாவோ பெரிய தபலாவோ தனியாகக் கொண்டுபோக வேண்டியதுதான். மூன்று தபலாக்களைச் சுமந்துகொண்டு மாநகரப் பேருந்தில் போனவனுக்கு, ‘அரைக் கட்டைதானே’ என்ற சொல் எப்படி உறுத்தும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் முதல் குழு இப்படித்தான் உடைந்தது. ஒன்பது பேர் கொண்ட அந்தக் குழுவில் பாடகி ஒரு டூயட்டை அரைக் கட்டை இறக்கித் தரும்படி கேட்டார். அவருக்குத் தொண்டை சரியில்லை, அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். புல்லாங்குழல் வாசித்தவர் எங்களில் மூத்தவர். “அம்மா, இறக்கினால் என் குழல் பேசாது” என்று ஒருமுறைதான் சொன்னார். கீபோர்டு வாசித்த இளைஞர் பேச்சை முடிப்பதற்காகப் பொத்தானை அழுத்திவிட்டு, சரியாகிவிட்டது என்றார். அன்றிரவு ஒரு கல்யாண வரவேற்பில் அந்தப் பாட்டை வாசித்தோம். குழல் ‘பிட்’, அதாவது குழல் தனித்து ஒலிக்கும் சிறு பகுதி, வர வேண்டிய இரண்டு இடங்களிலும் பெரியவர் குழலை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். அடுத்த பாட்டுக்குக் கீபோர்டின் கட்டையைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டதால், கிடார் ஒரு சுருதியிலும் கீபோர்டு ஒரு சுருதியிலுமாகப் பல்லவி தொடங்கியது. சபையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கி வந்த பிறகு, பெரியவர் வேண்டுமென்றே வாசிக்காமல் இருந்தார் என்று எல்லோர் எதிரிலும் நான் சத்தமாகச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் குழல்களைத் துணியில் சுற்றிக்கொண்டு போனவர் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் குழுவே இல்லை. அவரிடம் அந்தச் சுருதிக்குக் குழல் இல்லை என்பதும், அதை வாங்க அன்று அவரிடம் பணம் இல்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் பேசிய சொற்களுக்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த நிகழ்ச்சியிலிருந்து நான் கற்றது இதுதான். ஒரு பாட்டில் ஒரு மாற்றம் வேண்டும் என்று கேட்பவர் ஒருவராகவும், அந்த மாற்றத்துக்கான உழைப்பையும் செலவையும் ஏற்பவர் வேறொருவராகவும் இருக்கும்போதுதான் சண்டை வருகிறது. ஆகவே, மாற்றம் சரியா தவறா என்று பேசத் தொடங்கும் முன், இதனால் யாருக்கு வேலை கூடுகிறது என்று கேட்டுவிட வேண்டும். இப்போது நான் வாசிக்கும் குழுவில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஊதியத்திலிருந்தும் ஒரு சிறு தொகையைப் பொதுவில் எடுத்து வைக்கிறோம். குழு கேட்டு ஒருவர் கருவியை மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவு பொதுப் பணத்திலிருந்து போகும். இந்த ஏற்பாடு வந்த பிறகு, கட்டையைப் பற்றிய சண்டைகளில் பாதி தாமாகவே நின்றுவிட்டன. ஏனென்றால் அவற்றில் பாதி இசையைப் பற்றிய சண்டைகளே அல்ல.

மீதிப் பாதி உண்மையிலேயே இசையைப் பற்றியவை. ‘ரெக்கார்டில் உள்ளபடியே வாசிக்க வேண்டும்’ என்பவர்களும் ‘மேடைக்குத் தகுந்தபடி வாசிக்கலாம்’ என்பவர்களும் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். கடிதம் எழுதிய வாசகர் முதல் கட்சி. நானும் மனத்தளவில் அந்தக் கட்சிதான். ஆனால் ‘ரெக்கார்டில் உள்ளபடி’ என்பது நாம் நினைப்பதுபோல் கல்லில் வெட்டிய எழுத்து அல்ல. ஒரு காலத்தில் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடியும். அதனால் படத்தில் நீளமாக வந்த பாட்டு இசைத்தட்டில் குறுகியதுண்டு, படத்தில் இருந்த ஒரு சரணமே இசைத்தட்டில் இல்லாமல் போனதும் உண்டு. இரண்டில் எது மூலம்? இன்னொன்று: ரெக்கார்டில் பல பாட்டுகளுக்கு முடிவே கிடையாது, பல்லவி திரும்பத் திரும்ப வந்து ஒலி மெல்லக் குறைந்து மறைந்துவிடும். மேடையில் எட்டுப் பேர் அப்படி மறைய முடியாது. எங்கேயாவது ஓர் இடத்தில் தாளத்தை முடித்து, எல்லோரும் ஒன்றாக நிறுத்தியாக வேண்டும். அந்த முடிப்பை இசையமைப்பாளர் நமக்கு எழுதித் தரவில்லை, நாம்தான் செய்துகொள்ள வேண்டும். எவ்வளவு கண்டிப்பான ரெக்கார்டு பக்தரும் அந்த இடத்தில் தம் சொந்தக் கற்பனையைக் கொண்டு வந்துதான் தீர வேண்டியிருக்கிறது.

இதோடு ஒலிநாடாவின் குழப்பமும் சேரும். ஒரு பழைய சோகப் பாட்டின் கட்டை குறித்து எங்கள் பாடகருக்கும் வயலின் கலைஞருக்கும் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. ஒருவர் இரண்டு கட்டை என்றார், மற்றவர் இரண்டரைக் கட்டை என்றார். இருவரும் காது கூர்மையானவர்கள், இருவரும் பொய் சொல்பவர்கள் அல்ல. கடைசியில் இருவரையும் அவரவர் வைத்திருந்த பதிவை எடுத்துவரச் சொன்னோம். இருவர் சொன்னதும் சரியாக இருந்தது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். நாடாவை ஓடவிட்டுப் பெயர்த்தெடுத்த கருவி நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடிவிட்டால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும், பதிவு செய்த கருவி அப்படி ஓடியிருந்தால் அரைக் கட்டை இறங்கிவிடும். இன்று இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுகளில் பல இப்படி யாரோ ஒருவர் வீட்டுக் கேசட்டிலிருந்து ஏற்றியவை. அன்றுமுதல் ஒரு பாட்டைப் படிக்கத் தொடங்கும் முன் ஒரே பதிவை எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதிவைத் தவிர வேறு எதையும் கேட்டுப் பழகுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். மூன்று வாரப் பகையைத் தீர்க்க இவ்வளவுதான் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பதிவு ஒன்றே என்று ஆன பிறகும், அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி நிற்கும். நாற்பது, ஐம்பது வயலின்கள் ஒருசேர வாசித்த இடையிசையை ஒரே ஒரு வயலினை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது? கீபோர்டில் வயலின் கூட்டத்தின் ஒலி இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது, குழலும் இருக்கிறது. அதனால் எல்லா ‘பிட்’டும் மெல்ல மெல்லக் கீபோர்டுக்கே போய்விடும், உயிருள்ள குழலை வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருப்பார். மனிதர் இருக்கும் கருவியின் ‘பிட்’டைப் பொத்தானுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவி இல்லாத இடத்தில் மட்டும் கீபோர்டு வரட்டும். குரல் இல்லாமல் பின்னணி இசை மட்டும் முன்பே பதிந்த மைனஸ் ஒன் டிராக்கை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அதை ஏற்றுக்கொண்ட குழுக்களில் சண்டை இல்லைதான், ஏனென்றால் அங்கே முடிவு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை.

எது பாட்டின் உயிர், எது உடை என்று பிரித்துப் பார்ப்பது எங்களுக்கு உதவியது. முன்னிசையின் முதல் இரண்டு வரிகளைக் கேட்டதும் சபையில் கைதட்டல் எழும் அல்லவா, அந்த வரிகளில் ஒரு சுரமும் மாறக் கூடாது. பாட்டின் மெட்டும் சொல்லும் மாறக் கூடாது. பல பாட்டுகளில் பேஸ் கிடாரின் ஓட்டமும் உயிரின் பக்கத்தில்தான் நிற்கும். கேட்பவர்களுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் அது மாறினால் ‘என்னமோ குறைகிறது’ என்பார்கள். இதற்கு வெளியே, பாடகர் ஒரு வரியை இரண்டாம் முறை பாடும்போது ஒரு சின்னச் சங்கதி, அதாவது மெட்டில் ஒரு நெளிவு, சேர்ப்பதும், தபலாவில் சரணத்துக்குப் போகும் முன் தீர்மானம் எனும் சிறு தாள முடிப்பு ஒன்றை வைப்பதும் உடையைச் சேர்ந்தவை. இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் வேறுபாடு உண்டு. கோடு ஒன்று உண்டு என்பதிலாவது எல்லோரும் ஒத்துப் போகிறோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இளைஞர்கள் பாட்டை மாற்றத் துடிக்கிறார்கள், மூத்தவர்கள் காக்கிறார்கள் என்று கடிதம் எழுதிய வாசகர் கருதுகிறார். எங்கள் குழுவில் நிலைமை நேர்மாறானது. ஒயிட்ஃபீல்டில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் எங்கள் கிடார் தம்பி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கருவியாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டு, நாற்பது ஆண்டு கேட்டும் நான் கவனிக்காத இரண்டாவது கிடாரின் மெல்லிய மீட்டலை எடுத்து வந்து, அது இல்லாமல் பாட்டு இல்லை என்று வாதாடுகிறார். அறுபதைக் கடந்த எங்கள் பாடகரோ, மேடையில் கூட்டத்தின் முகம் பார்த்து ஒரு வரியை நீட்டுவதும் நிறுத்துவதும் தம் உரிமை என்கிறார். இருவரில் யாரும் அலட்சியத்தால் பேசவில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் தம் இளமையில் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்திருக்கிறார்கள். பிறர் பாட்டை மேடையில் வாசிப்பது வெறும் நகல் வேலையாக இருந்திருந்தால், அந்த மூவரும் அந்த மேடைகளில் நின்ற காலம் வீணாகப் போயிருக்கும்.

இந்த இரு தரப்பையும் ஒரே குழுவில் வைத்துக்கொள்வதற்கு நாங்கள் கண்ட வழி, பாட்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது. குழுவுக்கு ஒரு தலைவர் இருந்து எல்லாவற்றையும் அவரே முடிவு செய்வது பழைய முறை. ‘மாஸ்டர் சொன்னால் சரி’ என்ற அந்த முறையில் சண்டை வெளியே தெரியாது, உள்ளே புகையும். எல்லோரும் கை தூக்கி வாக்களிப்பதும் சரிப்படவில்லை. ஐந்துக்கு மூன்று என்று தோற்றவர் அந்தப் பாட்டை மனமில்லாமல் வாசிப்பார், அது சபைக்குக் கேட்கும். இப்போது, ஒரு பாட்டை யார் குழுவுக்குக் கொண்டு வருகிறாரோ அவரே அந்தப் பாட்டின் பொறுப்பாளர். எல்லோரும் தம் கருத்தைச் சொல்லலாம், அவர் கேட்க வேண்டும். கடைசிச் சொல் அவருடையது. கட்டை மட்டும் விலக்கு. அதைப் பாடுபவர்தான் முடிவு செய்வார், ஏனென்றால் தொண்டை அவருடையது. அடுத்த பாட்டில் பொறுப்பாளர் வேறொருவர் என்பதால், இன்று விட்டுக்கொடுத்தவருக்கு நாளை தம் முறை வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

பெங்களூரில் வாசிக்கும் குழுவுக்கு இந்த முறை இன்னொரு விதத்திலும் அவசியம். இங்கே எந்த மேடையிலும் தமிழ்ப் பாட்டு மட்டும் வாசித்து இறங்க முடியாது. கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்துதான் வரும். பி.பி.ஸ்ரீனிவாஸ் தமிழ் ரசிகருக்கு ஜெமினி கணேசனின் குரல், கன்னட ரசிகருக்கு ராஜ்குமாரின் குரல். ஒரே மேடையில் ஒரே பாடகர் அந்த இரு வகைப் பாட்டையும் பாடும்போது, தமிழ்ப் பாட்டுக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டுக் கன்னடப் பாட்டை இரண்டு மணி நேரத்தில் ஒப்பேற்றுவது பல தமிழ்க் குழுக்களின் வழக்கம். எங்கள் டிரம்ஸ் கலைஞர் கன்னடக்காரர். ராஜ்குமார் பாட்டு ஒன்றில் நான் வாசித்த நடை தவறு என்று அவர் சொன்னபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் வீட்டில் அந்தப் பாட்டு எப்படிக் கேட்கப்பட்டது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்ன பிறகு, அந்தப் பாட்டுக்கு அவரே பொறுப்பாளர் என்று நானே முன்மொழிந்தேன். அந்தப் பாட்டை இப்போது அவர் சொன்ன நடையில்தான் வாசிக்கிறேன்.

முடிவானதை எழுதி வைப்பதும் முக்கியம். ஒரு பாட்டுக்கு ஒரு தாள்: கட்டை, வேகம், எந்த ‘பிட்’ யார் கையில், எத்தனை சரணம், முடிப்பு எப்படி. வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று குறிக்கிறோம். ஆனால் எல்லாக் கருவிகளும் பாடகரும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசித்துப் பதிந்த பழைய பாட்டுகளில் வேகம் கடிகாரம்போல ஓடாது, சரணத்தில் சற்றுத் தணிந்து பல்லவியில் மீண்டும் எழும். ஆகவே பல்லவித் தொடக்கத்தின் வேகத்தை மட்டும் எழுதி, மற்றதைப் பாடுபவரின் மூச்சுக்கு விட்டுவிடுகிறோம். இந்த ஊரில் அடுக்ககங்களில் ஒத்திகை பார்க்க முடியாததால், மணிக்கணக்கில் வாடகை தரும் ஜாம் அறைகளுக்குத்தான் போகிறோம். அங்கே நின்று வாதாடுவது பணத்தை எரிப்பது. வாதம் எதுவானாலும் அறைக்குள் பத்து நிமிடம்தான். தீரவில்லையா, இரண்டு விதமாகவும் ஒருமுறை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு கலைந்துவிடுவோம். மறுநாள் காலையில் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்கும்போது, முதல்நாள் நம் கருத்து என்பதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டிருந்தோமா என்பது தெரிந்துவிடும். நான் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்கிறேன். அப்படியும் ஒத்துவராத பாட்டுகள் நான்கு இருக்கின்றன. அவற்றை வாசிப்பதில்லை.

மேடையில் பேசுவதில்லை என்பது மாற்றமில்லாத விதி. யாராவது தவறினால் அவரோடு சேர்ந்து போய்விட வேண்டும். பாடகர் சரணத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அவர் எடுத்த இடமே சரணம். திரும்பிப் பார்த்து முறைப்பதும் மைக்கில் ஜாடையாகச் சொல்வதும் கூடாது. குறை எதுவானாலும் அடுத்த ஒத்திகையில்தான்.

என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் நான் தோற்றேன், இன்னும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டின் இரண்டாவது சரணத்தை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல கவிஞர் முதல் சரணத்தில் ஒன்றைச் சொல்லி, இரண்டாவதில் அதைத் திருப்பி வேறொரு பொருளைக் காட்டியிருப்பார். அதை விட்டுவிட்டு ஆறு பாட்டின் பல்லவிகளை ஒட்டி மெட்லி என்று வாசிப்பது, கதையைப் பாதியில் நிறுத்துவது போன்றது. குழுவில் மற்றவர்கள் சொல்லும் காரணமும் பொய்யல்ல: நேரம் இல்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். விழாக் குழுவினர் எங்களை ஏழு மணிக்கு என்று அழைக்கிறார்கள். பொன்னாடைகளும் உரைகளும் முடிந்து மேடை எங்களிடம் வரும்போது மணி எட்டே முக்கால். இருபது பாட்டுக்குத் தயாராக வந்த குழு, அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எதை வெட்டுவது என்று மேடையின் பின்னால் நின்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் சண்டைகளில் மிக மோசமானவை அந்த ஐந்து நிமிடங்களில் நடந்தவை. வாசகர் கேட்ட குலைந்த பாட்டும் அப்படிப்பட்ட ஓர் இரவில் வாசிக்கப்பட்டதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பாட்டை மாற்றி வாசிப்பது குற்றம் என்று ஒத்திகையில் ஒருவர் சொல்லி மற்றவர் வாயை அடைப்பது அடிக்கடி நடக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31-சி பிரிவு, பிறர் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிடுவதைப் பற்றியது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும், உரிமைத்தொகை தர வேண்டும், பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியில் தேவையான மாற்றமோ உரிமையாளர் முன்பே இசைந்த மாற்றமோ தவிர வேறு மாற்றம் கூடாது என்பது அதன் சாரம். மேடையில் வாசிப்பது வேறு விஷயம். அதற்குப் பொது நிகழ்ச்சி உரிமம் வேண்டும், கல்யாணத்தைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. படைத்தவரின் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் 57ஆம் பிரிவின்படி அவர் தடுக்கலாம் என்பதும் உண்மை. அரைக் கட்டை இறக்குவதை அந்தப் பிரிவு சொல்லும் சிதைவாக எனக்குத் தெரிந்து எவரும் கருதியதில்லை. சட்டத்தைச் சண்டைக்கு ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்று என் சக கலைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழ் வழியாக இந்நகரின் தமிழ் அமைப்புகளையும் கோயில் விழாக் குழுக்களையும் நான் வேண்டுவது இரண்டே. வாசிக்கும் நேரம் எவ்வளவு என்பதை ஒரு வாரம் முன்பே உறுதியாகச் சொல்லி, அந்த நேரத்தை எங்களுக்கே விட்டுவிடுங்கள். உரைகள் நீண்டால் உரைகளைக் குறையுங்கள். கூட்டம் வரும் முன் அரை மணி நேரமாவது ஒலி சரிபார்க்க மேடையைத் தாருங்கள், தபலாவும் கிடாரும் கீபோர்டும் ஒரே சுருதியில் நிற்கின்றனவா என்று பார்ப்பதற்கு அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குள்ள ஒரே வாய்ப்பு. கடிதம் எழுதிய வாசகருக்கு: எந்தப் பாட்டு எந்த இடத்தில் கெட்டது என்பதை இந்தப் பகுதியிலேயே அவர் எழுதினால் நன்றியுடையவனாவேன். அது எங்கள் குழு வாசித்ததாக இருந்தால், அந்தப் பாட்டின் பொறுப்பாளரிடம் கடிதத்தைக் காட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் முதலில் அதை எடுப்போம்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுத் தபலா கலைஞர் ஒருவர்,
மர்பி டவுன், பெங்களூரு.